பக்கவாட்டில் தெரியும் சுருள் விண்மீன் திரள்

தொலைநோக்கியில் விண்மீன் திரள்களைத் தேடிக் காணும் கலையில், பார்ப்பவரின் கண்ணைப் பழக்குவதற்குப் பக்கவாட்டில் தெரியும் சுருள் திரள்களை விடச் சிறந்தவை இல்லை எனலாம். சுருள் திரள் என்பது கோடானுகோடி விண்மீன்களும் வளியும் தூசும் ஒரு மையத்தைச் சுற்றிவரும் மெல்லிய வட்டு. நடுவில் உப்பி ஓரங்களில் மெலிந்த அதனை, கண்மட்டத்துக்கு உயர்த்திய ஆப்பத்தைப் போல விளிம்பு வழியே காண நேரும்போது, சுருள்கரங்கள் மறைந்து, ஓர் ஒளிக்கீற்றும் அதன் நடுவே ஒரு புடைப்புமே எஞ்சுகின்றன.

இவ்வகையில் தலைசிறந்தது, வில்லியம் ஹெர்ஷல் 1785இல் கண்டறிந்த என்ஜிசி 4565. ஊசித் திரள் எனப்படும் இது, கோமா பெரினிசஸ் விண்மீன் குழுவின் திசையில், ஏறத்தாழ 4 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. ஏப்ரல், மே மாத இரவுகளில் தமிழகத்தின் உச்சிவானுக்குச் சற்று வடக்கே வரும் இதனை, நகர ஒளி எட்டாத இடத்தில், அரைமணி நேரமேனும் கண்களை இருளுக்குப் பழக்கிய பின்பே நோக்க வேண்டும். நேராக உற்றுப் பார்த்தால் கீற்று சுருங்கிவிடும். விழித்திரையின் நடுவில் மங்கிய ஒளிக்கு உதவாத கூம்புச் செல்களே செறிந்திருப்பதால், பார்வையைச் சற்று விலக்கி, குச்சிச் செல்கள் மிகுந்த பகுதியில் ஒளி விழச் செய்தால், கீற்று இருபுறமும் நீண்டுகொண்டே போவதைக் காணலாம்.

20, 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியில், பொறுமையுடன் பார்ப்பவருக்கு அடுத்துத் தெரிவதே இக்கலையின் பெரும்பேறு: கீற்றின் நெடுக ஓடும் கருங்கோடு. அது புடைப்பைச் சரிபாதியாகப் பிளப்பதில்லை. பூமியிலிருந்து நோக்குகையில் வட்டு சில பாகை சாய்ந்திருப்பதால், மையத்தை ஒட்டி ஒருபுறமாக ஒதுங்கியே செல்கிறது. அக்கோடு வெற்றிடமன்று; வட்டின் தளத்தில் செறிந்த தூசு, பின்னாலுள்ள விண்மீன்களின் ஒளியை மறைப்பதால் உண்டாவது. லிக் வானாய்வகத்தின் ஹீபர் கர்ட்டிஸ், இத்தகைய கருங்கோடுகளை ஒளிப்படங்களில் தொகுத்து ஆராய்ந்து, பால்வழித் திரளின் தளத்திலும் இவ்வாறே ஒளிமறைக்கும் பொருள் இருக்குமாயின், வானில் பால்வழி ஓடும் பட்டையை ஒட்டிச் சுருள் திரள்கள் தென்படாததன் காரணம் விளங்கும் என்று 1918இல் வாதிட்டார். பிறிதொரு திரளின் விளிம்பைக் கண்டு, தான் உள்ளடங்கிய திரளின் அமைப்பை மனிதன் ஊகித்தறிந்த அந்தச் சிந்தனை, வானியல் வரலாற்றின் மிக அழகியவற்றுள் ஒன்று.

இன்று எளிய கருவிகளாலும் வண்ணப்படம் எடுத்துவிட முடிகிறது; ஆயினும், கண்ணால் கண்டதை அங்கேயே பென்சிலால் வரைந்துவைக்கும் பழைய வழக்கத்தைக் கைவிடுவது பேரிழப்பு. கோடு எங்கே தொடங்கி எங்கே மங்குகிறது என்று தாளில் குறிக்க முனையும்போதுதான், மெய்யாகவே கண்டதையும் படங்களில் முன்பே பார்த்ததையும் மனம் பிரித்தறியத் தொடங்குகிறது. அவ்வாறு பழகிய நேயர்கள் அடுத்து நாட வேண்டியது, ஆந்திரமேடா விண்மீன் குழுவின் திசையிலுள்ள என்ஜிசி 891. மொத்த ஒளியில் ஊசித் திரளை விடப் பெரிதும் குறைந்ததில்லை என்றாலும், அதன் ஒளி பரந்து மங்கியும் மையம் சுடரின்றியும் இருப்பதால், நன்கு இருண்ட வானத்திலும் அதன் அகன்ற தூசுப்பட்டை எளிதில் கண்ணுக்கு அகப்படுவதில்லை.