ஓவியத்தில் நிற்பவரின் பெயர் என்ன?

(மேல்மலையனூரில் ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியைக் கற்பிக்க நல்ல துணைக்கருவி, கம்பெனி ஓவியங்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் தஞ்சாவூர் ஓவியர்கள், ஐரோப்பியர் வாங்குவதற்காகக் காகிதத்தில் நீர்வண்ணம் கொண்டு வரைந்தவை. குயவர், நெசவாளர் எனத் தொழில்தோறும் கணவன் மனைவியாக நிற்பார்கள். 1837இல் மதுரையில் உருவான, 72 சாதியினரின் படங்கள் கொண்ட தொகுப்பு இன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது.

அதே நூற்றாண்டில், மால்டாவில் பிறந்த அமடியோ பிரேசியோசி இஸ்தான்புல் தெரு வியாபாரிகளை நீர்வண்ணத்தில் தீட்டி, பயணிகளுக்கு விற்றார். அங்கே வரைந்தவர் வெளிநாட்டவர்; இங்கே நம்மவர். இரண்டு இடத்திலும் வாங்கியவர் ஐரோப்பியர்.

நம் படங்களில் கருவி, சேலைக்கட்டு, நகை எல்லாம் நுணுக்கமாக இருக்கும். அந்த மனிதரின் பெயர் இருக்காது. பின்னால் தெருவும் பெரும்பாலும் இருக்காது. அடியில் சாதிப்பெயர் இருக்கும்.

வகுப்பில் கவனம் தேவைப்படுவது இங்கேதான். அந்தப் பெயரை உரக்கப் படித்தால் ஏதோ ஒரு பிள்ளை தலைகுனியும். அதை மறைத்துவிட்டுப் படத்தைக் காட்டுங்கள். "கையில் என்ன கருவி? யாருக்காக வரைந்தார்கள்? எதை விட்டுவிட்டார்கள்?" என்று கேளுங்கள்.

பிறகு, அமாவாசையன்று அங்காளம்மன் கோயில் அருகே கடை போடும் ஒருவரை, அவர் சம்மதத்தோடு வரையச் சொல்லுங்கள். படத்தின் அடியில் அவர் சொல்லும் பெயரை எழுதட்டும்.