கண்ணுக்குள் ஓடும் இரத்தம்

குருவிட்ட வாழ் பெற்றோர்களே, இளைஞர்களே! நீரிழிவு நோய் விழித்திரையின் நுண்குழாய்களை வலியின்றியே சிதைத்துவிடும். கசிவு எங்கே என்றறிய, கை நாளத்தில் புளோரசின் என்னும் மஞ்சட் சாயத்தை ஏற்றிக் கண்ணைப் படம் பிடிக்கின்றனர். பத்துப் பதினைந்து வினாடிகளில் சாயம் கண்ணை அடைந்துவிடும். 1961இல் அமெரிக்காவில் நொவொட்னி, அல்விஸ் என்ற மாணவர் இருவர் வெளியிட்ட முறை இது.

நோன்பு முறியுமென அஞ்சி ரமழானில் இதனைத் தள்ளிப்போடுவோர் உளர். போஷாக்களிக்காத ஊசி நோன்பை முறிக்காதென ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி 1997இல் தீர்மானித்தது. தோல் சில மணி நேரம் மஞ்சளித்திருக்கும். மருதோன்றி நிறத்தைப் போல் அதுவும் வுழூவுக்குத் தடையன்று.

ஒவ்வாமை இருப்பின் வைத்தியரிடம் முன்னரே கூறுங்கள். சொட்டு மருந்தினால் சில மணி நேரம் பார்வை மங்கும். வாப்பாவைத் தனியே பஸ்ஸில் அனுப்பாது, மகன் உடன் செல்லட்டும்.