எழாத கணினி

சென்ற தவணை இறுதியில் ஒரு நாள் மாலை மின்சாரம் திடீரெனத் தடைப்பட்டது. மறுநாட் காலை எமது பாடசாலை அலுவலகக் கணினியின் பொத்தானை அழுத்தினோம். விசிறி சுழன்றது, திரை நீலமாயிற்று, அதற்குமேல் ஒன்றுமில்லை. மாணவர் அனைவரின் புள்ளிகளும் அதனுள் இருந்தன. பார்க்க வந்த இளைஞர், “எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவிவிடலாம், ஐயா” என்றார். “சற்றுப் பொறும், தம்பி” என்றேன்.

பொறுக்கச் சொன்னதன் காரணம் யாது? கணினி எழுவது படிப்படியாக நிகழ்வது. தாய்ப்பலகையிலுள்ள சிறு செய்நிரல் முதலில் உறுப்புகளைச் சோதிக்கும். பின்பு வன்தட்டிலுள்ள தொடக்க நிரலை அழைக்கும். அது பணிசெயல் முறைமையை நினைவகத்தில் ஏற்றும். இடையில் இன்றியமையாத கோப்பொன்று பழுதுற்றாலும் அடுத்த படி நிகழாது. எழுதப்படும் வேளையில் மின்சாரம் நின்றால் அக்கோப்பு குறையாகிவிடும். ஆயின் நம் ஆவணங்கள் அதே தட்டில் வேறிடத்திற் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். பூட்டுப் பழுதாயிற்று என்பதற்காக வீட்டை இடிப்பாருண்டோ?

2024 ஜூலை 19 அன்று, பாதுகாப்பு மென்பொருளொன்றின் பிழையான ஒரு கோப்பினால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நிலைகுலைந்தன என மைக்ரோசொப்ட் மதிப்பிட்டது. பல விமானங்கள் பறக்கவில்லை. எழ மறுத்த கணினிகளுக்குச் செய்த வைத்தியமோ, மீட்பு நிலையிற் புகுந்து அவ்வொரு கோப்பை நீக்கியதே.

எனவே, முதற்கண் வேறொரு கணினியில் ஆயத்தம் செய்த லினக்ஸ் பென் டிரைவினால் கணினியை எழுப்பி, ஆவணங்களை வேறு தட்டிற் பிரதி செய்தல் வேண்டும். வன்தட்டு மறையீடு செய்யப்பட்டிருப்பின் அதன் மீட்புச் சாவியும் தேவைப்படும். அடுத்து, விண்டோஸ் நிறுவற் பென் டிரைவிலுள்ள திருத்தப் பகுதியால் தொடக்கத்தைச் சீராக்க முயலலாம். அதனாலும் ஆகாவிடின், எஸ்.எப்.சி. என்னும் கட்டளை முறைமைக் கோப்புகளை ஒவ்வொன்றாய்ச் சோதித்து, கெட்டவற்றுக்கு நல்ல பிரதியை இடும். தட்டே தேய்ந்திருந்தால் அதனை மாற்றுவதே வழி. அழித்து நிறுவுதல் எல்லாவற்றுக்கும் கடைசி.

அன்று நண்பகலுக்குள் புள்ளிகள் எம் கைக்கு வந்தன. மாலையில் கணினியும் எழுந்தது. அவ்விளைஞரே யாவற்றையும் செய்து முடித்தார். அன்றுதொட்டு வெள்ளிதோறும் பிரதியொன்றை எடுத்து அலுமாரியிற் பூட்டி வைக்கின்றோம். நேயர்களே, உங்கள் கணினி எழுகின்ற இன்றே அவ்வாறு ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.