வீட்டுச் சுமையும் மாதக் கணக்கும்

(கறம்பக்குடியில் நிகழ்த்தப்பட்ட ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

 



தொழுகையைப் பற்றியும் நோன்பைப் பற்றியும் மிம்பர் மேடைகளில் அடிக்கடி பேசுகிறோம். அரிசியைப் பற்றியும் மளிகைக் கடைப் பற்று நோட்டைப் பற்றியும் பேசுவது குறைவு. அவை உலக விஷயங்கள், ஜும்ஆவில் பேசத்தக்கவை அல்ல என்று சிலர் எண்ணுகின்றனர். அந்த எண்ணம் சரியன்று. குழந்தைக்குப் பால் மறக்கடிக்கும் விஷயத்தைக்கூடத் திருமறை விட்டுவிடவில்லை. தாயும் தந்தையும் ஒருவரோடொருவர் கலந்து பேசி, இருவரும் மனமொப்பிச் செய்தால் அதில் குற்றமில்லை என்கிறது அல்பகரா அத்தியாயத்தின் 233ஆவது வசனம். சிந்தித்துப் பாருங்கள்! பால் மறக்கடிக்கவே இருவரின் ஆலோசனை வேண்டுமென்றால், ஒரு மாதம் முழுவதும் அந்த வீடு எதைத் தின்று, எதை உடுத்தி, யாருக்குக் கடன்பட்டு வாழப் போகிறது என்பதற்கு ஆலோசனை வேண்டாமா?

நம் பகுதியின் நிலை உங்களுக்குத் தெரியும். ஒரு சாரார் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அரபு நாடுகளிலும் உழைத்துப் பணம் அனுப்புகின்றனர். இன்னொரு சாரார் கடைத்தெருவிலும் தோப்பிலும் கூலி வேலையிலும் பிழைக்கின்றனர். எந்த வீடாயினும், மாதம் பிறந்ததும் ஒரு தொகை மனைவியின் கையில் வந்து சேரும். அதன்பின் வாடகை, பள்ளிக்கூடக் கட்டணம், மாமனாரின் மருந்து, மின்சாரக் கட்டணம், விருந்து வந்தால் ஆட்டிறைச்சி எல்லாமே அந்தப் பெண்ணின் பொறுப்பு. இருபதாம் தேதி பணம் தீர்ந்துவிட்டால் "கொடுத்த காசை என்ன செய்தாய்?" என்ற கேள்வியும் அவளைத்தான் வந்தடையும். இதற்கிடையில் விடியற்காலை எழுந்து சமைப்பவளும் துவைப்பவளும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புபவளும் அவளே. கணவர் சபரில் இருந்தால், வங்கிக்கும் மருத்துவமனைக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் அலைபவளும் அவளே.

"பெண் என்றால் பொறுமை வேண்டும், அன்னை ஃபாத்திமா (ரலி) அவர்கள் திரிகை சுற்றவில்லையா?" என்று உடனே சொல்லிவிடுகிறோம். ஆம், சுற்றினார்கள். திரிகை சுற்றியதால் கையில் தழும்பு ஏற்பட்டது. பணியாள் கேட்டுத் தம் தந்தையிடம் சென்றார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் பணியாளைத் தராமல், உறங்கச் செல்லும்போது ஓத வேண்டிய தஸ்பீஹைக் கற்றுக் கொடுத்தார்கள். இது புகாரியில் உள்ள செய்தி. ஆனால் இதன் மறுபாதியை நாம் சொல்வதில்லை. அதே வீட்டில் அலீ (ரலி) அவர்கள் நீர் இறைத்து இறைத்துத் தம் நெஞ்சு வலிப்பதாகச் சொன்னார்கள் என்று முஸ்னத் அஹ்மதில் வருகிறது. ஒருவர் கை திரிகையில் காய்த்தது; மற்றவர் நெஞ்சு கிணற்றடியில் நொந்தது. பணியாள் தராததற்குக் காரணமும் அங்கே சொல்லப்பட்டுள்ளது: திண்ணைத் தோழர்கள் பசியால் வயிறு சுருங்கிக் கிடந்தனர். வறுமை எல்லோருக்கும் பொதுவாக இருந்தது, உழைப்பும் பங்கிடப்பட்டிருந்தது. கணவன் திண்ணையில் சாய்ந்திருக்க மனைவி மட்டும் பொறுமை காப்பதற்கு இந்த வரலாற்றில் ஆதாரம் இல்லை.

அஸ்மா பின்த் அபீபக்ர் (ரலி) அவர்களின் வாழ்க்கையையும் பாருங்கள். ஸுபைர் (ரலி) அவர்களை மணந்தபோது அவரிடம் ஒரு குதிரையும் நீர் இறைக்கும் ஓர் ஒட்டகமும் தவிர வேறு செல்வம் இல்லை. குதிரைக்குத் தீனி போடுவது, நீர் இறைப்பது, தோல் வாளியைத் தைப்பது, மாவு பிசைவது எல்லாம் அஸ்மா (ரலி) அவர்களே. ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர் தூரத்திலிருந்து பேரீச்சங் கொட்டைகளைத் தலையில் சுமந்து வருவார்கள். அவர்களுக்கு ரொட்டி நன்றாகச் சுட வராது. அண்டை வீட்டு அன்ஸாரிப் பெண்கள் சுட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் உண்மையான தோழிகள் என்று பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தார்கள். (மருமகளுக்கு ரொட்டி சுட வரவில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரியும் மாமியார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.) பின்னர் தந்தை அபூபக்ர் (ரலி) அவர்கள் குதிரையைப் பராமரிக்க ஒரு பணியாளை அனுப்பி வைத்தார்கள். அப்போது தமக்கு அடிமைத்தளையிலிருந்தே விடுதலை கிடைத்தது போலிருந்ததாக அஸ்மா (ரலி) அவர்கள் கூறியிருக்கிறார்கள். உம்மத்தின் தலைசிறந்த பெண்களில் ஒருவர், சுமையைச் சுமை என்றே சொன்னார்கள். அதை யாரும் நன்றிகெட்ட பேச்சாகக் கருதவில்லை.

நம் ஃபிக்ஹு நூல்கள் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றன. இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' நம் மதரஸாக்களில் ஓதப்படும் ஷாஃபிஈ மத்ஹபு நூல். கணவனின் வசதிக்கேற்ப நாளொன்றுக்கு ஒரு முத்து, ஒன்றரை முத்து, இரண்டு முத்து என்று மனைவிக்குரிய தானிய அளவை அது வரையறுக்கிறது. முத்து என்பது இரு கை சேர்த்து அள்ளும் அளவு. அதோடு நிற்கவில்லை. அந்தத் தானியத்தை அரைத்துச் சுடும் செலவும் கணவனையே சாரும் என்பதே மிகச் சரியான கருத்து என்கிறது. ஹனஃபீ அறிஞர்கள் வீட்டு வேலை மனைவியின் மார்க்கக் கடமை என்றனர். இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்களும் அதனைக் கடமை என்றே வாதிட்டனர். இந்தக் கருத்து வேறுபாட்டை இங்கே தீர்த்து வைப்பது நம் நோக்கமன்று. மனைவியின் சமையலை விலையில்லாத வேலையாக நம் முன்னோர்களான அறிஞர்கள் கருதவில்லை என்பதே கவனிக்க வேண்டியது.

2024ஆம் ஆண்டு நம் நாட்டின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் மக்கள் தங்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகின்றனர் என்று ஓர் ஆய்வு நடத்தியது. ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களும், ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுவதாக அது கண்டறிந்தது. அந்த 88 நிமிடங்களும் எல்லா ஆண்களின் கணக்கல்ல. அத்தகைய வேலையில் கைவைத்தவர்களின் கணக்கு மட்டுமே. கைவைத்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 27 பேர். அண்ணலார் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் தொழச் செல்வார்கள் என்று பதில் வந்தது. தாடி வைப்பதில் ஸுன்னத்தைத் தேடும் நாம், துணி தைப்பதிலும் செருப்புத் தைப்பதிலும் அதைத் தேடுவதில்லை!

இப்போது பணத்திற்கு வருவோம். மனம் அதிகம் நோவது இங்கேதான்.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயல், நம் பகுதியின் தென்னந்தோப்புகளை ஓரிரவில் சாய்த்துவிட்டது. தென்னங்கன்று காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டுகள் பிடிக்கும். அந்த ஆண்டுகளில் தேங்காய் வருமானத்தை நம்பியிருந்த வீடுகள் எப்படி ஓடின? நகை அடகுக்குப் போனது. அடுத்து வாரத் தவணைக் குழுக்கடன் வந்தது. அதை அடைக்க இன்னொரு குழுவில் கடன். கடன் வசூலில் நடக்கும் வன்முறையைத் தடுக்க 2025ஆம் ஆண்டில் தமிழ்நாடு சட்டப்பேரவை ஒரு தனிச் சட்ட முன்வடிவையே நிறைவேற்ற வேண்டியதாயிற்று என்றால், மாநிலமெங்கும் நிலைமை எப்படி இருந்தது என்று புரியும். கணவருக்குத் தெரியாமல் வாங்கப்பட்ட கடன்களும் இவற்றில் உண்டு. வட்டி ஹராம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாதா? தெரியும். பற்றாக்குறையைக் கணவரிடம் சொல்ல அஞ்சினாள். சொன்னால் ஏச்சு விழும் என்ற நிலை இருக்கும் வீட்டில், கடன் பின்வாசல் வழியே வரும். ஆகவே அவளை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நீதியாகாது.

கடனிலிருந்து பாதுகாவல் தேடுவதை நபி (ஸல்) அவர்கள் தம் தொழுகையில் வழக்கமாக்கிக் கொண்டிருந்தார்கள். காரணம் கேட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்களித்தால் மாறு செய்கிறான் என்ற கருத்தில் விளக்கினார்கள். தவணை நாளில் கதவைத் தாழிட்டுக்கொண்டு, "உம்மா வீட்டில் இல்லை" என்று பிள்ளையைச் சொல்ல வைக்கும் வீடுகளை எண்ணிப் பாருங்கள். பொய் அங்கே குழந்தைக்குப் பாடமாகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில் குடும்பத் தலைவியரின் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் வரத் தொடங்கியபோது, சில கணவர்கள் தாம் தரும் வீட்டுச் செலவில் அந்த ஆயிரத்தைக் கழித்துக்கொண்டனர். மனைவியின் பணம் மனைவியுடையது. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஸைனப் (ரலி) அவர்கள் தம் பொருளைக் கணவருக்கும் தம் பராமரிப்பிலிருந்த அநாதைகளுக்கும் செலவிடலாமா என்று கேட்டபோது, அதற்கு இரு மடங்கு கூலி உண்டு என்று பதில் கிடைத்தது. அது தர்மம் என்பதால்தான் கூலி! அவள் மனமுவந்து தருவதை நீங்கள் கழித்துக்கொள்ள முடியாது.

சரி, என்ன செய்யலாம்? கையைக் கழுத்தில் கட்டிக்கொள்ளவும் வேண்டாம், முழுவதுமாக விரித்துவிடவும் வேண்டாம் என்று அல்இஸ்ரா அத்தியாயம் 29ஆவது வசனம் வழிகாட்டுகிறது. அந்த நடுநிலையைக் கணவன் மட்டும் தனியே கண்டுபிடிக்க முடியாது. மனைவி மட்டும் தனியே காக்கவும் முடியாது. பணம் வந்த அன்று இரவு இஷாவுக்குப் பின் இருவரும் ஒரு நோட்டுடன் உட்காருங்கள். சபரில் இருப்பவர்கள் தொலைபேசியில் சண்டைக்குச் செலவிடும் நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்கலாம். இருக்கும் கடன்களை முதலில் எழுதுங்கள், மறைத்து வைத்தவை உட்பட. அவற்றைக் கேட்கும் கணவர் அன்று மட்டுமாவது குரலை உயர்த்தக் கூடாது. பிறகு அரிசி, மருந்து, கட்டணம். கல்யாண வீட்டு மொய்யும் நகைச்சீட்டும் கடைசி வரிசைக்குப் போகட்டும். பெரிய பிள்ளைகளையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டின் நிலை தெரிந்த பிள்ளை புதிய செல்பேசி கேட்டு அடம் பிடிக்கமாட்டான். தட்டைக் கழுவவும் தண்ணீர் பிடிக்கவும் மகளைப் போலவே மகனையும் பழக்குங்கள்.

ஜமாஅத் பொறுப்பாளர்களுக்கும் ஒரு கோரிக்கை. ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரில் கடனாளிகளும் உள்ளனர் என்பது அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆவது வசனத்தில் தெளிவாக உள்ளது. அப்படியிருக்க, ரமளானில் புடவையும் அரிசிப் பையும் வழங்குவதோடு நம் ஜகாத் முடிந்துவிடுகிறது. பைத்துல்மால் அமைத்து நகையின் பேரில் வட்டியில்லாக் கடன் தரும் ஜமாஅத்துகள் தமிழகத்தில் உண்டு. அடுத்த ரமளானுக்குள் மஹல்லாவில் வாரத் தவணையில் சிக்கியுள்ள குடும்பங்களின் பட்டியலைப் பெயர் வெளியே தெரியாமல் தயாரியுங்கள். விவரம் கேட்க வீடுகளுக்குப் பெண்களையே அனுப்புங்கள். ஆண்கள் போய்க் கேட்டால் உண்மை வெளிவராது.