காதுக்கு யாரைப் பார்க்கணும்?

சங்கரன்கோவில் பக்கம் விசைத்தறிச் சத்தத்துல வருஷக்கணக்கா நிக்கிற நம்ம பெண்கள், காது மந்தமானா நேரா மிஷின் விக்கிற கடைக்குப் போறதை நான் பார்க்கிறேன். வேண்டாம். சீழ் வடிஞ்சா, திடீர்னு ஒரு காது கேட்காமப் போனா, அன்னைக்கே காது மூக்கு தொண்டை டாக்டர். நாள் தள்ளினா மருந்து பிடிக்கிறது குறையும். சிலருக்கு வெறும் அழுக்குதான், எடுத்தாலே கேட்கும்!

எவ்வளவு கேட்குதுன்னு அளந்து, மிஷினைக் காதுக்கேத்தபடி திருத்தித் தர்றவர் ஆடியாலஜிஸ்ட். இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் இருக்கான்னு கூச்சப்படாமக் கேளுங்க.

கைக்குழந்தை சத்தத்துக்குத் திரும்பலையா? "பேச்சு மெதுவா வரும்"னு மாமியார் சொன்னாலும் உட்காராதீங்க. முதலமைச்சர் காப்பீட்டுல காக்ளியர் அறுவை 6 வயசுக்குள்ளதான். பெரியவங்களுக்கு, தகுதி இருந்தா, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல மிஷின் இலவசம். அடையாள அட்டையோட போங்க.