வாசகரின் முகவரி யாரிடம்?

ஒரு நூல் அச்சாகி வெளிவந்த பிறகு அது யாருடைய கைக்குப் போய்ச் சேர்கிறது என்பது அதை எழுதியவருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. பதிப்பகத்திலிருந்து விற்பனையாளருக்கும், அவரிடமிருந்து கடைக்கும், கடையிலிருந்து வாங்குபவருக்கும் நூல் நகரும்போது, வாங்கியவரின் பெயரும் ஊரும் வழியிலேயே எங்கோ நின்றுவிடுகின்றன; அடுத்த நூல் வரும்போது அதே வாசகரைத் தேடி ஆசிரியர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. எழுத்தாளர் தமக்கென ஓர் இணையதளம் அமைத்துக்கொள்வது குறித்து இன்று நிறையப் பேசப்படுகிறது. ஆயினும் அந்தப் பேச்சில் பக்க வடிவமைப்புக்கும் வண்ணத்துக்கும் புகைப்படத்துக்கும் கிடைக்கும் கவனம், வாசகரின் முகவரி யாரிடம் இருக்கிறது என்ற அடிப்படைக் கேள்விக்குக் கிடைப்பதில்லை.

தமிழில் இக்கேள்வி புதிதன்று. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், அச்சுச் செலவுக்கு வழிதேடி, நூல் வெளிவருமுன்பே செல்வர்களிடமும் தமிழன்பர்களிடமும் கையொப்பம் வாங்கினார். கையொப்பம் என்பது, நூல் வந்ததும் இன்ன எண்ணிக்கையில் பிரதிகளைப் பெற்றுக்கொள்வதாக ஒப்புக்கொண்டு முன்கூட்டியே பெயரெழுதித் தருவது. ஆகவே நூல் அச்சுக்கூடத்தில் இருக்கும்போதே அதை வாசிக்கப் போகிறவர்களில் பலரைப் பதிப்பாசிரியர் அறிந்திருந்தார். வார இதழ்கள் பெருகிய பிறகு இந்த நேரடி உறவு தளர்ந்தது. 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வ'னைத் தொடராக எழுதிய கல்கிக்குத் தம் பெயரையே தாங்கிய இதழ் இருந்தது. அந்த வாய்ப்புக் கிட்டாத மற்றத் தொடர்கதை ஆசிரியர்களுக்கு வந்த வாசகரோ இதழின் வாசகராகவே இருந்தனர், தொடர் முடிந்ததும் இதழோடேயே தங்கிவிட்டனர். 1959-இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி.சு.செல்லப்பா சந்தாதாரர்களை நம்பியே அதை நடத்தினார் என்பதும், பின்னாளில் நூல் மூட்டையைத் தாமே சுமந்து ஊர் ஊராகக் கல்லூரிகளுக்குச் சென்று விற்றார் என்பதும் இலக்கிய உலகம் அறிந்த செய்திகள். அவர் பட்ட சிரமத்தின் அளவைக் கண்டு வியப்போர், வாசகரை இடையில் எவருமின்றிச் சந்திப்பதற்கு அவர் கொடுத்த விலை அது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இணையக் காலத்தில் இந்த உறவு எவ்வாறு மீண்டும் உருவாகிறது என்பதை அமெரிக்க எழுத்தாளர் ஆண்டி வீரின் 'தி மார்ஷியன்' நாவல் தெளிவாகக் காட்டுகிறது. செவ்வாய்க் கோளில் தனியே விடப்பட்ட விண்வெளி வீரர் ஒருவர், தம்மிடம் உள்ள பொருள்களையும் தமக்குத் தெரிந்த அறிவியலையும் கொண்டு உயிர்பிழைக்கப் போராடும் கதை அது. கணினி நிரலாளராகப் பணியாற்றிவந்த வீர், 2009 முதல் அதை அத்தியாயம் அத்தியாயமாகத் தம் சொந்தத் தளத்தில் இலவசமாக வெளியிட்டார். அதற்கு முன்பே பல ஆண்டுகளாக அதே தளத்தில் படக்கதைகளும் சிறுகதைகளும் எழுதிவந்தவர் என்பதால், புதியது வந்ததும் மின்னஞ்சலில் தெரிவிக்கும்படி முகவரி கொடுத்திருந்த வாசகர் ஏறத்தாழ 3,000 பேர் அவரிடம் இருந்தனர். ராக்கெட் எரிபொருளான ஹைட்ரசீனைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து, அதை எரித்துத் தண்ணீர் உண்டாக்குவது போன்ற செய்முறைகள் நிறைந்த கதையாதலால், அறிவியல் பயின்ற வாசகர்கள் அவ்வப்போது பிழைகளைச் சுட்டி எழுதினர். வீர் அவற்றைத் திருத்திக்கொண்டே சென்றார். கதை முடிந்ததும், திரையில் படிப்பது கடினம் என்று சிலர் சொல்ல, மின்னூல் கோப்பு ஒன்றைத் தளத்தில் வைத்தார். கோப்பைக் கருவியில் ஏற்றத் தெரியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் 2011-இல் அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலில், அங்கு அனுமதிக்கப்பட்ட மிகக் குறைந்த விலையான 99 சென்டுக்குப் போட்டார். தளத்தில் இலவசமாகப் பெற்றவர்களைவிட அங்கே காசு கொடுத்து வாங்கியவர்கள் அதிகமாயினர். பின்னர் ஒலிநூலும், 2014-இல் பெரிய பதிப்பகம் ஒன்றின் அச்சுப்பதிப்பும், 2015-இல் ரிட்லி ஸ்காட் இயக்கிய திரைப்படமும் வந்தன. இந்த வரிசையில் தளத்திலிருந்து கிண்டில் வரையிலான ஒவ்வொரு படியும் வாசகர் கேட்டதால் நிகழ்ந்தது என்பதே கருதத்தக்கது. அவர்கள் கேட்க முடிந்ததற்குக் காரணம், ஆசிரியரும் வாசகரும் ஒருவர் முகவரியை ஒருவர் அறிந்திருந்தது.

எழுத்தாளரின் தளம் பற்றிய பேச்சில் வரும் இன்னொரு சொல் பிராண்ட். வணிக உலகில் அது, ஒரு பெயரைக் கேட்டவுடன் வாங்குபவர் மனத்தில் எழும் எதிர்பார்ப்பைக் குறிக்கும். எழுத்தாளரைப் பற்றி இச்சொல்லைப் பயன்படுத்தத் தயங்குவோர் உண்டு. எழுத்தைச் சரக்காக்குகிறது என்னும் அவர்களுடைய வருத்தத்தில் நியாயமும் உண்டு. எனினும் எழுத்தாளர் சுஜாதாவின் பெயரை அட்டையில் கண்டபோது தமிழ் வாசகர் விரைவான நடையையும், இடையிடையே வரும் அறிவியல் செய்தியையும், பல கதைகளில் துப்பறியும் வழக்கறிஞர்களான கணேஷையும் வசந்தையும் எதிர்பார்த்தே புத்தகத்தைக் கையில் எடுத்தனர். அந்த எதிர்பார்ப்பை எந்த விளம்பரமும் உண்டாக்கவில்லை. நெடுங்காலம் தொடர்ந்து எழுதிய எழுத்தே உண்டாக்கியது. இணையதளத்தின் வேலை, அவ்வாறு உருவாகும் எதிர்பார்ப்பு சிதறாமல் ஓரிடத்தில் நிலைக்கச் செய்வது. எழுதப்படாத நூல்களுக்கு முன்னதாகவே இலச்சினையும் முழக்கத் தொடரும் தயாரித்துக்கொள்ளும் இன்றைய வழக்கம் இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது.

எழுத்தால் உருவாகும் எதிர்பார்ப்பைத் தளம் நிலைக்கச் செய்வதற்குத் தமிழில் விரிவான எடுத்துக்காட்டு எழுத்தாளர் ஜெயமோகனின் தளம். 'அறம்' தொகுப்பாகப் பின்னர் நூல்வடிவம் பெற்ற சிறுகதைகள் 2011-இன் தொடக்கத்தில் அந்தத் தளத்திலேயே ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. 'யானை டாக்டர்' அவற்றுள் ஒன்று. மகாபாரதத்தை நவீன நாவல் வடிவில் மறுபடைப்புச் செய்யும் 'வெண்முரசு' 2014 சனவரி முதல் நாள் தொடங்கி, நாவலுக்கு நாவல் சிறு இடைவெளி விட்டு, நாளுக்கு ஓர் அத்தியாயமாக வெளிவந்து, 2020 சூலையில் 26 நாவல்களோடு நிறைவுற்றது. இத்தனை ஆண்டுகள் இந்த அளவில் ஒரு புனைவை நாள்தோறும் வெளியிட எந்த அச்சிதழாலும் இடம் கொடுக்க முடியாது என்பது வெளிப்படை. அதே அளவுக்குக் கவனிக்கத்தக்கவை அத்தளத்தில் இடம்பெறும் வாசகர் கடிதங்கள். வாசகர் எழுதும் கடிதமும் ஆசிரியரின் மறுமொழியும் கட்டுரைகளுக்கு இணையாகத் தனிப் பதிவுகளாக வெளியிடப்படுவதால், கடிதம் எழுதுபவர் தாமும் ஓர் உரையாடலின் பகுதி என்று உணர்கிறார். வெண்முரசு நூலாக வந்தபோது, வண்ண ஓவியங்களோடு கூடிய விலைமிக்க செம்பதிப்புக்கு முன்பதிவு செய்த வாசகர்கள் இப்படித்தான் திரண்டனர். சாமிநாதையர் காலத்துக் கையொப்பம் வேறு உருவில் திரும்பி வந்தது என்றே இதைச் சொல்ல வேண்டும். ஒவ்வோர் எழுத்தாளரும் நாள்தோறும் எழுத வேண்டும் என்பது இதன் பொருளன்று. மாதம் ஒருமுறை எழுதுபவர் அந்த மாதக் கெடுவைத் தவறாமல் காத்தாலும் வாசகர் வந்து பார்ப்பர்.

சமூக ஊடகங்கள் இருக்கும்போது தனித் தளம் எதற்கு என்ற கேள்வி இயல்பானது. சமூக ஊடகத்தில் வாசகர் திரள்வது வேகமாக நடக்கிறது என்பதை மறுக்க இயலாது. ஆனால் அங்கே ஒருவரைப் பின்தொடர்பவர்களின் பட்டியல் நிறுவனத்துக்கே உரியது. ஒரு பதிவை அவர்களில் எத்தனை பேருக்குக் காட்டுவது என்பதையும் நிறுவனத்தின் கணிப்பு நெறியே முடிவு செய்கிறது. இது வாடகை வீட்டில் குடியிருப்பதைப் போன்றது. உரிமையாளர் காலி செய்யச் சொன்னால் மறுபேச்சில்லை. யாஹூவின் இலவசத் தளச்சேவையான ஜியோசிட்டீஸ் 2009-இலும், கூகுளின் சமூக ஊடகங்களான ஆர்குட் 2014-இலும், கூகுள் பிளஸ் 2019-இலும் மூடப்பட்டன. கூகுள் பிளஸில் எழுதிவந்தவர்களுள் தமிழரும் இருந்தனர். படியெடுத்து வைக்காதவர்களின் எழுத்தும், அதைச் சுற்றி நடந்த விவாதங்களும் அத்தோடு போயின. ஆகவே சமூக ஊடகத்தை அறிவிப்புப் பலகையாகக் கொண்டு, முழு எழுத்தையும் தம் தளத்தில் வைப்பதே எழுத்தாளருக்குப் பாதுகாப்பான ஏற்பாடு.

தளத்தை அமைக்கும் வேலையில் தமிழுக்கே உரிய சில நுட்பங்கள் உண்டு. தளப்பெயர் என்பது, தளத்தை அடைய உலவியில் தட்டச்சு செய்யும் முகவரி. ஆண்டுக் கட்டணம் கட்டிப் பதிந்துகொள்ள வேண்டியது. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் ஆகிய மூன்று பெயர்களும் தமிழ் எழுத்திலேயே முகவரியின் இறுதிப் பகுதியாக ஏற்கப்பட்டிருப்பது மகிழ்ச்சிக்குரியது. என்றாலும் பெரும்பாலான தளங்கள் ரோமன் எழுத்திலேயே பெயர் கொள்கின்றன. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ழகரம், ளகரம், நெடில், இரட்டிப்பு ஆகியவை உள்ள தமிழ்ப் பெயரை ரோமன் எழுத்தில் மூன்று நான்கு விதமாக எழுத இயலும். நூலட்டையில் ஒரு விதமாகவும் தளத்தில் வேறு விதமாகவும் மொழிபெயர்ப்பில் இன்னொரு விதமாகவும் எழுதும் ஆசிரியரைத் தேடுபொறி வெவ்வேறு ஆட்களாகவே கருதக்கூடும். ஓர் எழுத்துக்கூட்டலைத் தேர்ந்து எல்லா இடத்திலும் அதையே காப்பது, பெயரை நிலைநிறுத்தும் வேலையில் செலவில்லாத முதற்படி. அடுத்தது எழுத்துரு. ஒருங்குறி பரவுவதற்கு முன், பல தமிழ்த் தளங்கள் தமக்கெனத் தனி எழுத்துருவைப் பயன்படுத்தியதால், அதை இறக்கி நிறுவாதவருக்குத் திரையில் குழம்பிய குறிகளே தெரிந்தன. ஒருங்குறி என்பது உலக மொழிகளின் எழுத்துகள் அனைத்துக்கும் நிலையான எண் வழங்கும் பொது ஏற்பாடு. அது வந்தபின் அத்தடை நீங்கியது. ஆயினும் இன்றும் கவிதையையும் நூலறிமுகத்தையும் அழகுக்காகப் படமாக்கிப் பதிவிடுவோர் பலர். படத்துக்குள் இருக்கும் சொல் தேடலில் எளிதில் அகப்படுவதில்லை. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானும் அதைப் பெரும்பாலும் படிக்க இயலாமல் கடந்துவிடுகிறது. மற்றொரு சிறு செய்தி: தமிழ்த் தலைப்பையே பக்கத்தின் முகவரியாக விட்டுவிட்டால், வாட்ஸ்அப்பில் பகிரும்போது அது விழுக்காட்டுக் குறிகளும் எண்களுமாக நீண்டு, படிப்பவரை ஐயுறச் செய்யும். ஆகவே சுருக்கமான ரோமன் முகவரி கொடுப்பது நலம்.

மின்னஞ்சல் பட்டியல், அதாவது வாசகர் தாமே விரும்பிக் கொடுத்த முகவரிகளின் தொகுப்பு, தளத்தின் உயிர்நிலை. கேட்காதவர்க்கு அனுப்பப்படும் அஞ்சல் குப்பையாகிறது. 2024 பிப்ரவரி முதல், பெருந்தொகையாக அஞ்சல் அனுப்புவோர் தம் தளப்பெயரின் உண்மையை நிறுவ வேண்டும் என்றும், ஒரே சொடுக்கில் விலகும் வசதி தர வேண்டும் என்றும் ஜிமெயிலும் யாஹூவும் விதித்துள்ளன. வாசகரோடு கொள்ளும் இத்தகைய நேரடித் தொடர்பின் வலிமையை மிகப் பெரிய அளவில் காட்டியவர் மிகுபுனைவு எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன். 2005-இல் முதல் நாவலை வெளியிட்ட அவர், 'வார்பிரேக்கர்' என்ற நாவலை அது எழுதப்படும்போதே தளத்தில் இலவசமாகப் படிக்கத் தந்தார். எழுதிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நூலும் எத்தனை விழுக்காடு முடிந்திருக்கிறது என்பதைத் தளத்தின் முகப்பிலேயே காட்டிவருகிறார். 2022 மார்ச்சில், பெருந்தொற்றுக் காலத்தில் எழுதிவைத்த நான்கு நாவல்களைக் திரள்நிதித் தளமான கிக்ஸ்டார்ட்டரின் வழியே வாசகரிடமே நேரடி முன்பதிவுக்கு வைத்தபோது, 1,85,000-க்கும் மேற்பட்டோர் 4 கோடி டாலருக்கும் அதிகமாகத் தந்தனர். அத்தொகையைக் கண்டு மலைப்பதைவிட, அதற்கு முந்தைய பதினேழு ஆண்டுகளில் வாசகரிடம் அவர் மறைக்காமல் பகிர்ந்துகொண்ட வேலைநிலையைக் கவனிப்பது தமிழ் எழுத்தாளருக்கு அதிகம் பயன்படும். தமிழில் ஐந்நூறு வாசகரின் முகவரி இருந்தாலே ஒரு நூலின் முதற்பதிப்பைத் துணிந்து அச்சிட முடியும்.

இன்னும் போதிய கவனம் பெறாத ஒன்று எஞ்சியிருக்கிறது. ஓர் எழுத்தாளர் மறைந்தபின் அவருடைய அச்சு நூல்கள் நூலகங்களில் இருக்கும். அரசு அவற்றை நாட்டுடைமையாக்கலாம். தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாக வழங்க 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்களைப் போன்றோர் தட்டச்சு செய்து காக்கலாம். தளத்துக்கோ இந்த ஆதரவுகள் எதுவும் இல்லை. தளப்பெயரின் கட்டணம் ஓர் ஆண்டு தவறினால், குறுகிய அவகாசத்துக்குப் பின் அந்தப் பெயர் பொதுச் சந்தைக்குப் போகும். பல ஆண்டு எழுத்து இருந்த முகவரியில் முன்பின் அறியாத வணிகரின் விளம்பரம் வந்து நிற்கும். பெயர் எந்த நிறுவனத்தில் பதியப்பட்டுள்ளது, கட்டணம் எந்த மாதத்தில் கட்ட வேண்டும், கடவுச்சொல்லும் முழுத் தளத்தின் படியும் எங்கே உள்ளன என்பவற்றை ஒரு தாளில் எழுதி, வீட்டார் ஒருவரிடமும் நம்பிக்கைக்குரிய வாசகர் ஒருவரிடமும் கொடுத்து வைப்பதைத் தளம் தொடங்கும் நாளிலேயே செய்துவிட வேண்டும்.