மானியம் ஒன்று, மிச்சம் வேறு



மொட்டை மாடியில் சோலார் வைக்கலாமா என்று யோசிக்கிற குடும்பங்கள் இப்போது நிறைய. எல்லோரும் முதலில் கேட்பது, "கவர்மெண்ட் மானியம் எவ்வளவு?" என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் அது இரண்டாவது கேள்வி. உங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் ஓடுகிறது என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு விடை தெரியாமல் சோலார் வாங்கப் போகாதீர்கள். இன்று நான் சொல்ல வந்தது அதைத்தான்.

மானியக் கணக்கு சுலபமானது. அதை முதலில் முடித்துவிடுவோம். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு 'பிஎம் சூர்ய கர்' திட்டத்தைத் தொடங்கியது. ஒரு கோடி வீடுகளின் கூரையில் சோலார் வைப்பது இலக்கு. அதற்கு ஒதுக்கிய தொகை 75,021 கோடி ரூபாய். ஒரு கிலோவாட் வைத்தால் 30,000 ரூபாய் மானியம். இரண்டு கிலோவாட்டுக்கு 60,000. மூன்று கிலோவாட்டுக்கு 78,000. அதோடு சரி. ஐந்து கிலோவாட் வைத்தாலும் பத்து கிலோவாட் வைத்தாலும் அதே 78,000தான். சொந்தக் கூரையும் மின் இணைப்பும் வேண்டும். ஏற்கெனவே வேறு சோலார் மானியம் வாங்கியிருக்கக் கூடாது. பணம் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும்.

ஒரே அளவு சோலாருக்கு மானியம் எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான். ஆனால் மிச்சமாகும் பணம் வீட்டுக்கு வீடு மாறும். அதற்குக் காரணம் நம் மாநிலத்தின் கட்டண முறை.

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில் வருகிறது. 2024 ஜூலையில் வந்த கட்டண விகிதத்தை வைத்துச் சொல்கிறேன். முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100 யூனிட்டுக்கு, யூனிட் ஒன்றுக்கு 2 ரூபாய் 35 காசு. 201 முதல் 400 வரை 4 ரூபாய் 70 காசு. 401 முதல் 500 வரை 6 ரூபாய் 30 காசு. 500ஐத் தாண்டினால் 8 ரூபாய் 40 காசு. 600ஐத் தாண்டினால் 9 ரூபாய் 45 காசு. ஆயிரத்துக்கு மேல் 11 ரூபாய் 55 காசு வரை போகும்.

இதில் 500 என்ற எல்லையைக் கொஞ்சம் கவனியுங்கள். சரியாக 500 யூனிட் ஓடினால் பில் 1,805 ரூபாய். 501 ஆனால் 2,048 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடியதற்கு 243 ரூபாய்! 500ஐத் தாண்டிய வீட்டுக்கு அந்த 2 ரூபாய் 35 காசு சலுகை போய்விடுகிறது. 101வது யூனிட்டிலிருந்தே 4 ரூபாய் 70 காசு போடுகிறார்கள். கோடையில் ஏசி ஓடும் வீடுகளில் பில் திடீரென்று எகிறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் ஒரே அளவு சோலார், ஒரு கிலோவாட். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட், ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு நான்கு யூனிட் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். பங்குனி, சித்திரையில் கூடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குறையும். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட்.

முதல் வீட்டில் 300 யூனிட் ஓடுகிறது. பில் 705 ரூபாய். சோலார் வந்தபிறகு நிகரமாக 60 யூனிட்தான், அது இலவசத்துக்குள் அடங்கிவிடும். பில் பூஜ்யம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மிச்சமானது 705 ரூபாய்தான். வருடத்துக்கு 4,230.

இரண்டாவது வீட்டில் 700 யூனிட். பில் 3,825 ரூபாய். அதில் 240 யூனிட் கழிந்தால் 460. வீடு 500க்குக் கீழே இறங்கிவிட்டது, இழந்த சலுகையும் திரும்பி வந்துவிட்டது. புதிய பில் 1,553 ரூபாய். ஒவ்வொரு பில்லிலும் 2,272 ரூபாய் மிச்சம். வருடத்துக்கு 13,600 ரூபாய்க்கு மேல்.

இரண்டு வீட்டுக்கும் மானியம் அதே 30,000. மானியம் போக ஒவ்வொருவரும் கைப்பணம் 40,000 போட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 700 யூனிட் வீட்டுக்குப் போட்ட பணம் மூன்று வருடத்துக்குள் திரும்பிவிடும். 300 யூனிட் வீட்டுக்கு ஒன்பது வருடத்துக்கு மேல் ஆகும். பில் பூஜ்யமான வீட்டுக்குத்தான் லாபம் குறைவு!

200 யூனிட்டுக்குள் ஓட்டும் வீட்டுக்கு அதிகபட்ச பில்லே 235 ரூபாய்தான். அந்தக் குடும்பத்திடம் போய்க் கடன் வாங்கிச் சோலார் வையுங்கள் என்று சொல்வது நியாயமில்லை. "மானியம் முடிந்துவிடும், சீக்கிரம் கையெழுத்துப் போடுங்கள்" என்று யாராவது அவசரப்படுத்தினால், ஈபி கார்டை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சோலார் வைத்த வீடுகளுக்கு நெட்வொர்க் கட்டணம் ஏதும் உண்டா, எவ்வளவு என்பதையும் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பேட்டரி.

சோலார் என்றாலே பேட்டரி வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மானியத்தில் பெரும்பாலானோர் வைப்பது ஆன்கிரிட் சோலார். அதில் பேட்டரி கிடையாது. பகலில் உங்கள் தேவைக்குப் போக மிஞ்சுவது ஈபி லைனுக்குப் போகும். ராத்திரி தேவையானதை லைனிலிருந்து எடுத்துக்கொள்வீர்கள். போனதையும் வந்ததையும் நெட் மீட்டர் பதிவு செய்யும். நிகர யூனிட்டுக்குத்தான் பில். ஆக, பில்லைக் குறைப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் பேட்டரிக்குச் செலவழிக்கத் தேவையில்லை.

ஆனால் ஒன்று. ஊரில் கரண்ட் போனால், உச்சி வெயில் கொளுத்தினாலும் ஆன்கிரிட் சோலாரும் நின்றுவிடும். இதைக் கேட்டுப் பலர் அதிர்ந்து போகிறார்கள், ஏமாற்றிவிட்டார்கள் என்றுகூட நினைக்கிறார்கள். அது பழுதல்ல, பாதுகாப்பு. லைனில் சப்ளையை நிறுத்திவிட்டு லைன்மேன் கம்பத்தில் ஏறியிருப்பார். அந்த நேரத்தில் உங்கள் மாடியிலிருந்து கரண்ட் லைனுக்குப் போனால் அவர் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் லைனில் கரண்ட் இல்லை என்று தெரிந்த நொடியே இன்வர்ட்டர் தன்னை நிறுத்திக்கொள்கிறது.

கரண்ட் போனாலும் விளக்கும் மின்விசிறியும் ஓட வேண்டும், வீட்டில் ஆக்ஸிஜன் கருவி வைத்திருக்கும் பெரியவர் இருக்கிறார், புயல் அடித்தால் நாள் கணக்கில் சப்ளை வராத கடலோர ஊர் என்றால், பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் முறையை யோசிக்கலாம். மானியம் பேனல் பங்குக்குத்தான் கிடைக்கும். பேட்டரிக்கென்று தனியாக மத்திய மானியம் இல்லை. அந்தச் செலவு நிம்மதிக்கான செலவு. பில் மிச்சத்தில் அதை ஈடுகட்டலாம் என்று எண்ண வேண்டாம்.

ஆஸ்திரேலியாவில் இருக்கும் உறவினர்கள், "எங்கள் அரசாங்கம் பேட்டரிக்கே பணம் தருகிறதே" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். உண்மைதான். 2025 ஜூலை 1 முதல் அங்கே வீட்டு பேட்டரி விலையில் ஏறக்குறைய 30 சதவீதம் தள்ளுபடி. அங்கே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட கூரைகளில் சோலார் இருப்பதால் நண்பகலில் மின்சாரம் தேவைக்கு மேல் குவிகிறது, லைனுக்கு அனுப்புவதற்குக் கிடைக்கும் விலை சரிந்துவிட்டது. பகல் மின்சாரத்தை வீட்டிலேயே சேமித்து மாலையில் பயன்படுத்தினால்தான் அங்கே லாபம். அவர்கள் கணக்கு வேறு, நம் கணக்கு வேறு.

இனி, வைப்பது என்று முடிவு செய்தவர்களுக்குச் சில வார்த்தைகள்.

மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். காலமான அப்பா பெயரில், தாத்தா பெயரில் இணைப்பு ஓடும் வீடுகள் நம் ஊரில் ஏராளம். விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். பெயர் மாற்றத்தை முடித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி இடம் வேண்டும், நிழல் விழாத இடம். தண்ணீர்த் தொட்டி, பக்கத்து வீட்டுத் தென்னை, மாடிப்படி அறை, இவற்றின் நிழல் காலையிலும் மாலையிலும் எங்கே விழுகிறது என்று நீங்களே மாடியில் நின்று பாருங்கள். பேனல்களை வரிசையாகக் கோத்திருப்பார்கள். ஒன்றின்மேல் நிழல் விழுந்தால் அந்த வரிசையின் உற்பத்தியே குறையக்கூடும்.

திட்டத்தின் தேசிய இணையதளத்தில் பதிவு செய்த நிறுவனமாக இருக்க வேண்டும். பேனல் இந்தியாவில் தயாரித்ததாக, அதனுள் இருக்கும் செல்லும் இங்கேயே செய்ததாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மானியம் வராது. மூன்று நிறுவனங்களிடமாவது விலை கேளுங்கள். 2025 செப்டம்பரில் சோலார் கருவிகளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அந்தக் குறைப்பு விலையில் தெரிகிறதா என்று பாருங்கள். ஐந்து வருடப் பராமரிப்பு அந்த நிறுவனத்தின் பொறுப்பு, அதை எழுத்தில் வாங்குங்கள். தாங்குகிற இரும்புச் சட்டம் எவ்வளவு காற்றுக்குத் தாக்குப்பிடிக்கும் என்று கேளுங்கள். வர்தா, கஜா புயல்களைப் பார்த்த நமக்கு இந்தக் கேள்வியின் அருமை தெரியும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் சோர்ந்துவிட வேண்டாம். லிஃப்ட், மோட்டார், பொது விளக்கு போன்ற பொதுப் பயன்பாட்டுக்குக் குடியிருப்போர் சங்கம் சோலார் வைத்தால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. அடுத்த சங்கக் கூட்டத்தில் பேச்சை எடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இன்றைக்கே உங்கள் வீட்டின் கடைசி ஆறு பில்களை எடுத்து யூனிட்டுகளை ஒரு தாளில் எழுதுங்கள். எந்தெந்த பில்லில் 500ஐத் தாண்டியிருக்கிறீர்கள் என்று வட்டம் போடுங்கள். வட்டங்கள் அதிகமானால், சோலார் உங்கள் வீட்டுக்கு ஏற்றது. அந்த அதிகப்படி யூனிட்டுகளைக் கழிக்க எத்தனை கிலோவாட் வேண்டுமோ அத்தனை வையுங்கள். வட்டமே விழவில்லை என்றால் அவசரப்படாதீர்கள். எல்லா பில்லும் 200க்குள் என்றால் சோலார் பேச்சையே விட்டுவிடலாம். நீங்கள் ஏற்கெனவே சிக்கனமாகத்தான் வாழ்கிறீர்கள். மானியம் நம் வரிப்பணம். அது தேவையான கூரையில், தேவையான அளவில் போய்ச் சேர வேண்டும்.